சக்கைப் பாதை

ராத்திரி இரண்டு டிகிரி என்றது வானொலி.
தரைக்கு வானொலி கேட்கும் பழக்கமில்லை.
அது தன்பாட்டில் பூஜ்யத்தைத் தாண்டிக்
கீழே போய்விட்டிருந்தது.

காந்தலிலிருந்து தபால் நிலையம்
நல்ல கால்களுக்குப் பதினெட்டு நிமிஷம்.
என் ஒற்றைக் காலுக்கும் கம்புக்கும் சேர்த்து
சித்திரையில் முப்பத்தைந்து.
தையில் நான் நிமிஷங்களை எண்ணுவதில்லை.
ஓடுகளை எண்ணுகிறேன்.

போன வருஷம் நகராட்சி பதித்த ஓடுகள்:
ரோஜா நிறம், நடுவில் பூ,
கல்யாண மண்டபத்துப் பளபளப்பு.
வெயிலில் குனிந்தால் முகம் தெரியும்.
உறைபனியில்
முகமே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.
ஓரத்தில் எவர்சில்வர் கைப்பிடி.
தொட்டால் சூடு போட்ட மாதிரி எரிகிறது.

ஆறரைக்கே வந்துவிடுகிறார்கள்
வெள்ளைப் புல்லைப் பார்க்க.
நடைபாதைமேல் இரண்டு சக்கரம் ஏற்றி
மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறது வேன்.
"ரெண்டே நிமிஷம்க்கா, பனி உருகிடும்!"
உருகட்டும் தம்பி,
நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

வேனைச் சுற்றிப் போக ரோட்டில் இறங்க வேண்டும்.
முக்கால் முழ உயரம்.
இந்த ஊரில் ஒவ்வொரு மேட்டுக்கும் பேர் இருக்கிறது,
வெள்ளைக்காரன் வைத்தது, சாமி வைத்தது.
இந்த விளிம்புக்கு மட்டும்
இன்னும் யாரும் வைக்கவில்லை.

மார்கழி கடைசி வியாழக்கிழமை விழுந்தேன்.
பெரிதாக ஒன்றுமில்லை.
கம்பின் ரப்பர் முனை நழுவியது,
வானம் ஒருமுறை இடம் மாறியது,
தயிர்சாத டப்பா உருண்டு உருண்டு
மூடி இல்லாத சாக்கடைப் பள்ளத்துக்குப் போனது.
பள்ளத்தில் யாரோ எச்சரிக்கைக்கு நட்டுவைத்த
யூகலிப்டஸ் கிளை,
அதில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் கை.
ஆள் உள்ளே விழுந்து
கையை மட்டும் நீட்டுகிற மாதிரி இருந்தது.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.

டீக்கடை அசைனார் ஓடி வந்தார்.
தூக்கவில்லை. குனிந்து கேட்டார்,
"எவிடப் பிடிக்கணும்?"
நாற்பத்தோரு வருஷத்தில்
தூக்கியவர்கள் நிறைய.
கேட்டவர் அவர்தான்.

மறுநாள் ரோஜா ஓடுகளின் மேல்
கடை வாசலிலிருந்து திருப்பம் வரைக்கும்
பழுப்பாக ஒரு கோடு.
முந்தின நாள் பூரா வடிகட்டிய தேயிலைச் சக்கை.
ஈரம் காய்ந்து சொரசொரவென்று
இஞ்சி வாசத்தோடு கிடந்தது.
ஊன்றினேன். கம்பு நின்றது.
இன்னொரு முறை ஊன்றினேன், வேண்டுமென்றே.

எனக்குப் பின்னால் கேரட் மூட்டையோடு நஞ்சன் வந்தான்,
கான்வென்ட் பிள்ளைகள் வந்தார்கள்,
சர்க்கரைக்காரர் செபஸ்டியான் வந்தார்
எம்.சி.ஆர் செருப்போடு.
எல்லாருக்கும் கால் இருந்தது.
எல்லாரும் சக்கைமேல்தான் நடந்தார்கள்.

நாலாம் நாள் சுகாதார ஆய்வாளர்.
பொது இடத்தில் குப்பை கொட்டியதற்கு
ஐந்நூறு ரூபாய்.
ஷூ வழுக்காமல் சக்கைமேல் நின்றுகொண்டுதான்
ரசீதை எழுதினார்.
அசைனார் அதைச் சட்டம் போட்டு
பன் டப்பாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

நானும் எழுதினேன், ஆணையருக்கு, பதிவுத் தபாலில்.
பிரிக்கும்போது என் மேசைக்கே வந்தது.
என் கையெழுத்தை நானே பார்த்து
யாரோ ஒரு யோகராணி
நிறையக் குறைப்படுகிறாள் என்று நினைத்து
உரிய அறையில் போட்டேன்.
பத்தொன்பது நாளாகிறது.

இன்றைக்குக் கோடு சாம்பல் நிறம்.
பாய்லர் கரிச் சாம்பல்.
சாம்பல் குப்பையா இல்லையா என்று
விதியில் தெளிவாக இல்லையாம்.
அசைனார் விசாரித்து வைத்திருக்கிறார்.

என் தடம் அதில் நன்றாக விழுகிறது:
ஒரு வட்டம், ஒரு செருப்பு,
ஒரு வட்டம், ஒரு செருப்பு.
பதினேழாம் ஓட்டில்
சாம்பலின் மேலேயே ஏறி நிற்கிறது
இன்றைய வேன்.
உள்ளே கம்பளிக்குள் யாரோ தூங்குகிறார்கள்.

நான் ரோட்டில் இறங்கவில்லை.
சுவரில் சாய்ந்து நின்று
கம்பைத் திருப்பிப் பிடித்து
ரப்பர் முனையால்
கண்ணாடியைத் தட்டுகிறேன்.